கதவு திறந்திருந்தால் ஆள் வீட்டில எண்டு அர்த்தமோ?

"ஜீன் திறந்தால் வேலை செய்யும், மூடினால் வேலை செய்யாது." இந்த ஒரு வசனம் இப்ப எல்லா இடமும் ஓடித் திரியுது. ரியூசன் நோட்ஸில் இருக்கிறது. அறிவியல் சொல்லித்தருகிற யூடியூப் காணொளிகளில் இருக்கிறது. "உங்கள் எண்ணத்தாலேயே உங்கள் ஜீனைத் திறக்கலாம்" என்று மேடையில் கத்துகிற தன்னம்பிக்கைப் பேச்சாளர்களிடம் இருக்கிறது. "யுத்தம் எங்கட டி.என்.ஏயில எழுதுப்பட்டிட்டுது" என்று உண்மையான வலியோடு முகநூலில் எழுதுகிற நண்பர்களிடமும் இருக்கிறது.

இவர்கள் எல்லாரையும் ஒரே தராசில் போட முடியாது. ரியூசன் மாஸ்ரர் நேரம் போதாமல் சுருக்குகிறார். பேச்சாளர் ரிக்கெற் விற்கிறார். முகநூல் நண்பர் ஒரு காயத்துக்குச் சொல் தேடுகிறார். ஆனால் எல்லாரும் சாய்ந்து நிற்கிற சுவர் ஒன்றுதான். அந்தச் சுவர் கோணலாகக் கட்டப்பட்டிருக்கிறது. அதை இடித்துக் காட்டுவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. கொஞ்சம் உயிரியல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ. பயோ படிக்காத ஆக்களுக்கும் விளங்கும் மாதிரித்தான் எழுதுகிறேன்.

முதல்ல, கதவு எண்டால் என்ன?

உங்கள் உடலின் ஒரு கலத்துக்குள் இருக்கிற டி.என்.ஏயை இழுத்து நீட்டினால் ஏறக்குறைய 2 மீற்றர் வரும். அது அடங்கியிருக்கிற கருவின் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குகூட வராது. இவ்வளவு நீளமான நூல் இவ்வளவு சின்னப் பைக்குள் சிக்குப்படாமல் இருக்க வேண்டுமென்றால் அதைச் சுற்றி வைக்க வேண்டும். அதற்குத்தான் ஹிஸ்ரோன் என்ற புரதங்கள். எட்டு ஹிஸ்ரோன்கள் சேர்ந்த ஒரு உருளையைச் சுற்றி ஏறக்குறைய 147 எழுத்து நீளமான டி.என்.ஏ, ஒன்றே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியிருக்கும். அப்படி ஒரு சுற்று ஒரு நியூக்கிளியோசோம். 1974இல் ரொஜர் கோர்ன்பேர்க் இந்த அமைப்பை முன்வைத்தார். டி.என்.ஏயும் அதைச் சுற்றி வைத்திருக்கிற புரதங்களும் சேர்ந்த மொத்தப் பொருளுக்குத்தான் குரோமற்றின் என்று பெயர்.

இனி வியத்தமடைதல். முட்டையும் விந்தும் சேர்ந்த ஒற்றைக் கலத்திலிருந்துதான் உங்கள் ஈரலும் வந்தது, தசையும் வந்தது, இந்த எழுத்தை வாசிக்கிற நரம்புக் கலமும் வந்தது. சில விலக்குகளை விட்டால் எல்லாக் கலத்திலும் இருப்பது ஒரே டி.என்.ஏதான். 1962இல் ஜோன் கேர்டன் ஒரு வாற்பேத்தையின் குடற்கலத்திலிருந்து கருவை எடுத்து, கரு செயலிழக்கச் செய்யப்பட்ட தவளை முட்டைக்குள் வைத்தார். அதிலிருந்து நீந்தித் திரிகிற வாற்பேத்தைகள் வந்தன. குடற்கலமாக மாறியபின்னும் அந்தக் கரு எதையும் தொலைத்திருக்கவில்லை என்று அது காட்டியது. அப்படியென்றால் ஈரலுக்கும் தசைக்கும் என்ன வித்தியாசம்? எந்தப் பரம்பரையலகு எங்கே, எப்போது, எவ்வளவு வாசிக்கப்படுகிறது என்பதுதான் வித்தியாசம்.

இந்த இடத்தில்தான் கதவு வருகிறது. இறுக்கமாகச் சுற்றப்பட்ட டி.என்.ஏயைப் பல புரதங்களால் தொட முடியாது. சுற்றுத் தளர்ந்த இடத்தில் தொடலாம். ஒரு இடத்தை எவ்வளவு இலகுவாகத் தொடலாம் என்பதைத்தான் குரோமற்றினின் அணுகுதன்மை என்கிறோம். அதை அளக்கிற முறையும் எளிமையானதுதான். டி.என்.ஏயை வெட்டுகிற ஒரு நொதியத்தைக் கருவுக்குள் விட்டு, எங்கே வெட்டு விழுகிறது என்று பார்க்க வேண்டும். தளர்ந்த இடத்தில் அதிகம் விழும். முந்தி இதற்கு டி.என்.ஏயேஸ் பயன்பட்டது. 2013இல் அட்டாக்-சீக் என்ற முறை வந்தது. அதில் ரிஎன்5 என்ற நொதியம் வெட்டுகிற நேரத்திலேயே ஒரு அடையாளத் துண்டையும் ஒட்டிவிடும். கொஞ்சக் கலங்கள் இருந்தாலே போதும் என்பதால் உலகத்தின் ஒவ்வொரு ஆய்வுகூடமும் இதற்குப் பாய்ந்தது.

அது எதை அளக்கிறது என்பதைக் கவனியுங்கோ: தொடலாமா, இல்லையா. அவ்வளவுதான். வாசிக்கப்படுகிறதா என்று அறிய அந்தப் பரம்பரையலகின் ஆர்.என்.ஏ பிரதி உருவாகிறதா என்று வேறாகப் பார்க்க வேண்டும். இரண்டும் இரண்டு அளவீடுகள். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதையும் செய்த மாதிரிக் கதைப்பதில்தான் முழுப் பிரச்சினையும் தொடங்குகிறது.

ஐம்பது வருசத்துக்கு முந்தியே சொல்லியாச்சு

"திறந்தால் வேலை செய்யும்" என்ற வசனம் வானத்திலிருந்து விழவில்லை. 1976இல் ஹரோல்ட் வைன்ட்ரோபும் மார்க் குரூடினும் கோழியின் செங்குருதிக் கலங்களில் ஒரு பரிசோதனை செய்தார்கள். பறவைகளின் செங்குருதிக் கலத்துக்குக் கரு உண்டு, அதனால் இது முடிந்தது. டி.என்.ஏயேஸை விட்டபோது ஈமோகுளோபினைச் செய்கிற குளோபின் பரம்பரையலகுகள் மற்ற இடங்களை விட விரைவாக வெட்டுப்பட்டன. அதே கலத்தில் முட்டை வெண்கருப் புரதத்தின் பரம்பரையலகு அப்படி வெட்டுப்படவில்லை. மூளைக் கலத்திலும் நாரரும்பர் கலத்திலும் குளோபின் வெட்டுப்படவில்லை. எந்தக் கலத்துக்கு எது வேண்டுமோ அது திறந்திருக்கிறது. அழகான முடிவு.

ஆனால் அந்த வேலைக்குள்ளேயே இன்னொரு தகவல் இருந்தது. முற்றி முதிர்ந்த செங்குருதிக் கலம் பிரதியெடுக்கிற வேலையை ஏறத்தாழ நிறுத்திவிட்ட கலம். அதிலும் குளோபின் பகுதி திறந்தே இருந்தது. வேலை முடிந்து ஆக்கள் போய்விட்டார்கள், கதவு மட்டும் பூட்டப்படவில்லை. வைன்ட்ரோபுக்கும் குரூடினுக்கும் இது தெரிந்திருந்தது. சுருக்கி எழுதினவர்கள்தான் இதை விட்டுவிட்டார்கள்.

அடுத்த உதாரணம் இன்னும் தெளிவு. பழ ஈயை வெப்பத்தில் வைத்தால் அதன் கலங்கள் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைச் செய்யத் தொடங்கும். 1980ஆம் ஆண்டளவில் கார்ல் வூ அந்தப் பரம்பரையலகுகளின் தொடக்கப் பகுதியைப் பார்த்தார். சூடாக்குவதற்கு முதலே அது திறந்திருந்தது. பின்னர் ஜோன் லிஸின் ஆய்வுகூடம் அதைவிடப் பெரிய விசயத்தைக் கண்டது. வாசிக்கிற இயந்திரமான ஆர்.என்.ஏ பொலிமரேஸே அங்கே வந்து, சில பத்து எழுத்துகளை வாசித்துவிட்டு, நின்றுகொண்டிருந்தது. ஸ்ராட் பண்ணின பஸ், றைவர் சீற்றில், ஆனால் விசில் அடிக்கவில்லை. வெப்பம் வந்தவுடன்தான் ஓடும்.

கதவு திறந்திருக்கிறது. வாசிக்கிறவரும் உள்ளே நிற்கிறார். அப்படியிருந்தும் முழுப் பிரதி இல்லை. "திறந்தால் வேலை செய்யும்" என்று இனியும் சொல்லப் போறீங்களோ?

மூடியிருந்தால் வேலை செய்யாது என்ற மற்றப் பாதியும் நிலைக்காது. 1987இல் வைன்ட்ரோபின் குழு மயோடி என்ற ஒற்றைப் பரம்பரையலகை எலியின் நாரரும்பர் கலத்துக்குள் செலுத்தி, அதைத் தசைக் கலமாக மாற்றிக் காட்டியது. தசைக்குரிய பகுதிகள் அந்தக் கலத்தில் அதுவரை பயன்படாமல் கிடந்தவை. சில புரதங்கள் சுற்றி வைக்கப்பட்ட டி.என்.ஏயையே பிடித்து, சுற்றைத் தளர்த்தி, மற்றவர்களுக்கு வழி விடக்கூடியவை. கென்னத் ஸாரெற் போன்றவர்கள் இவற்றை முன்னோடிக் காரணிகள் என்றார்கள். ஈரல் உருவாகிற பாதையில் ஃபொக்ஸ்-ஏ அப்படியான ஒன்று. எலி முளையத்தில் அல்புமின் பரம்பரையலகு வேலை தொடங்குவதற்கு முதலே, அதைத் தூண்டுகிற டி.என்.ஏ பகுதியில் அது போய் உட்கார்ந்துவிடும். ஆகவே மூடிய கதவு ஒரு தீர்ப்பு அல்ல. யார் வந்து தட்டுகிறார் என்பதைப் பொறுத்த விசயம் அது.

வியத்தமடைதலில் என்ன நடக்குது?

இப்போது ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். "அப்ப தொடர்பே இல்லையோ? பிறகு ஏன் இவ்வளவு காசு செலவழிச்சு அளக்கினம்?"

தொடர்பு இருக்கிறது, பலமாகவே இருக்கிறது. 2016இல் மனிதக் குருதிக் கலங்களின் முழுக் குடும்ப மரத்தையும் அட்டாக்-சீக்கால் அளந்த ஒரு ஆய்வு வந்தது. பரம்பரையலகுகளுக்குத் தூரத்தில் திறந்திருக்கிற பகுதிகளை வைத்து, இது எந்தக் கலம் என்று ஆர்.என்.ஏயை வைத்துச் சொல்வதைவிடத் திருத்தமாகச் சொல்ல முடிந்தது. கலத்தின் அடையாள அட்டை என்றே இதைச் சொல்லலாம். ஆனால் அடையாள அட்டையைப் பார்த்து ஆள் யார் என்று சொல்லலாம், இப்ப என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று சொல்ல முடியாது.

2020இல் ஒரே கலத்தில் திறப்பையும் ஆர்.என்.ஏயையும் சேர்த்து அளந்த ஷெயார்-சீக் ஆய்வு எலியின் தோலிலும் மயிர்க்காலிலும் ஒரு காலக் கணக்கைக் காட்டியது. பல முக்கியமான பரம்பரையலகுகளைச் சுற்றிய பகுதி முதலில் திறக்கிறது, ஆர்.என்.ஏ பிறகுதான் வருகிறது. கலம் எங்கே போகப்போகிறது என்பதற்கு அது முன்னறிவிப்பு மாதிரி.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு இடம் திறந்திருக்கிறது, ஆனால் பிரதி இல்லை. அதற்குக் குறைந்தது மூன்று அர்த்தம் இருக்கலாம். கோழிக் குளோபின் மாதிரி நேற்று நடந்ததன் மிச்சம். மயிர்க்கால் மாதிரி நாளைக்கு நடக்கப்போவதன் ஆயத்தம். பழ ஈ மாதிரி ஒரு அறிவிப்புக்காகக் காத்திருப்பு. ஒரே ஒரு படத்தை எடுத்துவிட்டு இதில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. வியத்தமடைதல் ஒரு பயணம். பயணத்தை ஒரு ஃபோட்டோவால் விளங்கப்படுத்த வெளிக்கிடுவதுதான் அடிப்படைக் கோளாறு.

இன்னொரு கோளாறும் உண்டு. பழைய முறையில் ஆயிரக்கணக்கான கலங்களை ஒன்றாகப் போட்டு அளக்கும்போது வருவது சராசரி. வகுப்பின் சராசரி 50 என்றால் எல்லாரும் 50 எடுத்திருக்கலாம், பாதிப்பேர் 100உம் பாதிப்பேர் பூச்சியமும் எடுத்திருக்கலாம். அரைவாசி திறந்த கதவு என்று வரைபடத்தில் தெரிவது எந்தக் கலத்திலும் இல்லாத ஒன்றாக இருக்கக்கூடும்.

காரணமும் விளைவும் பற்றிய கேள்வி இதைவிடப் பெரியது. 2022இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அர்ஜுன் ராஜின் ஆய்வுகூடம் ஒரு எளிய வேலை செய்தது. எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்க் கலங்களுக்கு ரெற்றினோயிக் அமிலம் அல்லது ரி.ஜி.எஃப்-பீற்றா என்ற ஒற்றைச் சமிக்ஞையைக் கொடுத்து, திறப்பு மாறுகிறதா, ஆர்.என்.ஏ மாறுகிறதா, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். ஒரு பகுதிப் பரம்பரையலகுகளில் ஒத்துப்போனது. இன்னொரு பகுதியில் ஆர்.என்.ஏ பலமாக மாறியது, பக்கத்துக் குரோமற்றினில் ஏறத்தாழ ஒரு மாற்றமும் இல்லை. கதவு அசையவேயில்லை, வீட்டுக்குள் கூத்து நடக்கிறது.

அதே குழு குருதிக் கலங்கள் வியத்தமடைகிற தரவுகளைப் பார்த்தபோது பொருத்தம் நிறையக் கூடியிருந்தது. வியத்தமடைதலில் ஒரு சமிக்ஞை இல்லை, பல காரணிகள், பல நாட்கள், பல படிகள். அந்த நீண்ட வேலை முடிகிறபோது குரோமற்றின் புதிய நிலைமைக்கு ஏற்ற மாதிரி ஒழுங்காகிவிடுகிறது. ஆகவே அங்கே திறப்பு ஆர்.என்.ஏ மாற்றத்தை ஓட்டுகிறது என்பதைவிட அதைப் பிரதிபலிக்கிறது என்றும் இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள். இது நடக்கக்கூடியதுதான். பொலிமரேஸ் ஓடும்போது அதுவே வழியிலுள்ள நியூக்கிளியோசோம்களைக் குலைத்துக்கொண்டுதான் போகிறது.

நல்லூர்த் திருவிழா நேரம் பக்கத்து ஐஸ்கிறீம் கடைகளில் சனம் அலைமோதும். கடைச் சனத்தை எண்ணினால் திருவிழா எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்றுகூட மட்டிடலாம். அதுக்காக ஐஸ்கிறீம் கடையில சனம் கூடினதால தேர் ஓடினது எண்டு சொல்லுவீங்களோ? குரோமற்றின் விசயத்தில் நாங்கள் தினமும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

வெட்டிப் பார்த்தவையள்

அப்படியென்றால் காரணத்தை எப்படி அறிவது? திறந்த இடத்தைப் பார்த்து வாய் பிளக்காமல், அதை வெட்டிவிட்டு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்படிச் செய்ததால் வந்த ஒரு விசயம் எங்கள் நாட்டோடும் சம்பந்தப்பட்டது.

குருநாகலில் ஒரு தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது. பீற்றா தலசீமியாவின் கடுமையான வகையோடு பிறந்த பிள்ளைகளுக்குச் சில கிழமைகளுக்கு ஒரு தடவை குருதி ஏற்ற வேண்டும். ஏற்றிய குருதியால் உடலில் சேர்கிற இரும்பை அகற்ற வாழ்நாள் முழுக்க மருந்து வேண்டும். வளர்ந்தோரின் ஈமோகுளோபினைச் செய்கிற பரம்பரையலகு இவர்களில் பழுது. ஆனால் தாயின் வயிற்றில் இருக்கும்போது பயன்பட்ட முளைய ஈமோகுளோபினின் பரம்பரையலகு இவர்களில் நல்லாகவே இருக்கிறது. பிறந்தபின் அது அடக்கப்பட்டுவிடும். அடக்குவதில் முக்கியமான ஆள் பி.சி.எல்.11ஏ என்ற புரதம்.

அந்தப் புரதத்தை முழுதாக அழித்தால் பிரச்சினை தீருமா? தீராது. மூளை வளர்ச்சிக்கும் பி-நிணநீர்க்கலங்களுக்கும் அது தேவை. 2013இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஒரு குழு, செங்குருதிக் கலப் பாதையில் மட்டும் திறந்திருக்கிற ஒரு பகுதியை அந்தப் பரம்பரையலகுக்குள்ளேயே கண்டது. வரைபடத்தில் கண்டதோடு அவர்கள் நிறுத்தவில்லை. அந்தப் பகுதியை நீக்கினார்கள். செங்குருதிப் பாதைக் கலங்களில் பி.சி.எல்.11ஏ வீழ்ந்தது, பி-நிணநீர்க்கலத்தில் வீழவில்லை. பிறகு கிரிஸ்பரால் அந்தப் பகுதியைத் துண்டு துண்டாக வெட்டி, அதற்குள் எந்தச் சில எழுத்துகள் உயிர்நாடி என்றும் பார்க்கப்பட்டது. 2023 நவம்பரில் பிரித்தானியா அங்கீகரித்த காஸ்ஜெவி என்ற கிரிஸ்பர் சிகிச்சை வெட்டுவது அந்த இடத்தைத்தான். நோயாளியின் சொந்தக் குருதி மூலக்கலங்களை வெளியே எடுத்து, வெட்டி, திருப்பி ஏற்றுகிறார்கள். முளைய ஈமோகுளோபின் திரும்பி வருகிறது.

இதிலிருந்து இரண்டு விசயம். ஒன்று, குரோமற்றின் வரைபடம் குப்பை இல்லை. எங்கே தேடுவது என்று அது சொன்னதால்தான் இது நடந்தது. 2012இல் வெளியான பெரிய தொகுப்பு ஒன்றில் 125 கலவகைகளில் ஏறக்குறைய 29 இலட்சம் திறந்த இடங்கள் பட்டியலிடப்பட்டன. புரதம் செய்கிற பரம்பரையலகுகள் எங்களுக்கு ஏறத்தாழ 20,000 மட்டும்தான். இதில் எது முக்கியம் என்று பட்டியல் சொல்லாது. வெட்டிப் பார்த்தவர்கள்தான் சொன்னார்கள். இரண்டாவது, அமெரிக்காவில் இந்தச் சிகிச்சையின் பட்டியல் விலை 22 இலட்சம் டொலர். குருநாகலில் கட்டிலில் படுத்திருக்கிற பிள்ளைக்கு இந்த அறிவு இன்னும் வந்து சேரவில்லை. "ஜீனைத் திறக்கிற" கதைக்கு உண்மையான கோபம் வர வேண்டிய இடம் இதுதான். நாங்கள் என்னடாவென்றால் எண்ணத்தால் ஜீனைத் திறக்கிற ஆளுக்குக் கை தட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஆளிடம் ஒரு கேள்வி: ஐயா, உங்கட எண்ணம் எந்தக் கலத்தில, எந்த இடத்தை, எப்ப திறந்தது? ஆர்.என்.ஏ அளந்தனீங்களோ? ஒரு பகுதியைச் செங்குருதிப் பாதையில் மட்டும் செயலிழக்கச் செய்ய எத்தனையோ பேர் எத்தனையோ வருசம் மாய்ந்தார்கள். எலும்பு மச்சையை மருந்தால் வெறுமையாக்கி, கிழமைக்கணக்கில் வைத்தியசாலையில் கிடந்து நோயாளிகள் அதைப் பெறுகிறார்கள். நீங்கள் அதை அரை மணித்தியாலப் பேச்சில் செய்கிறீர்கள்.

யுத்தமும் டி.என்.ஏயும்

இனி கடினமான பகுதி. "யுத்தத்தின் காயம் எங்கட ஜீனில பதிஞ்சு பிள்ளையளுக்கும் போகுது" என்கிற நண்பரோடு நான் சண்டை பிடிக்க விரும்பவில்லை. ஆனால் அவர் கையில் எடுத்திருக்கிற ஆயுதத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

வழமையாகக் காட்டப்படுகிற சான்று இரண்டு. ஒன்று, 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் நாசிகளின் முற்றுகையால் வந்த பஞ்சம். அப்போது கருவில் உருவாகத் தொடங்கியவர்களின் குருதியில் ஐ.ஜி.எஃப்2 பகுதியின் மெதைலேற்றம் ஆறு தசாப்தங்களுக்குப் பிறகும் கொஞ்சம் குறைவாக இருந்ததாக 2008இல் ஒரு ஆய்வு வந்தது. முக்கியமான ஆய்வுதான். ஆனால் அந்தக் குழந்தைகள் தாயின் வயிற்றில் இருந்து தாங்களே பஞ்சத்தை அனுபவித்தவர்கள். அது பரம்பரையாகக் கடத்தப்பட்டதற்குச் சான்று இல்லை.

மற்றது, யூத இன அழிப்பில் தப்பியவர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் பற்றி ரேச்சல் யெகுடாவின் குழு வெளியிட்ட ஆய்வு. தப்பியவர்கள் 32 பேர், பிள்ளைகள் 22 பேர். ஒப்பிடுவதற்கு எடுத்தவர்களோ 8 பெற்றோர், 9 பிள்ளைகள். எஃப்.கே.பி.பி5 என்ற ஒரு பரம்பரையலகின் மெதைலேற்றம் தப்பிய பெற்றோரில் கூடியிருந்தது, அவர்களின் பிள்ளைகளில் குறைந்திருந்தது. எதிர்த்திசை! அளந்தது குருதியில், மூளையில் இல்லை. அந்தப் பிள்ளைகள் அந்தப் பெற்றோரோடுதான் வளர்ந்தார்கள். இரவில் அலறி எழும்புகிற அப்பாவோடு வளர்ந்ததன் விளைவா, விந்துக்குள்ளால் வந்த குறியா என்று இந்த எண்ணிக்கையால் பிரித்துச் சொல்ல முடியாது.

இதோடு மேலே பார்த்ததைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மெதைலேற்றம் குரோமற்றினில் விழுகிற ஒரு குறி. குறிக்கும் திறப்புக்கும் இடையில் ஒரு தூரம், திறப்புக்கும் ஆர்.என்.ஏக்கும் இடையில் இன்னொரு தூரம், ஆர்.என்.ஏக்கும் ஒரு மனிதரின் துயரத்துக்கும் இடையில் ஒரு கடல். போதாததுக்கு விந்தும் முட்டையும் உருவாகிற பாதையில் மெதைல் குறிகளில் பெரும்பாலானவை அழிக்கப்படுகின்றன. விந்தில் பெரும்பாலான ஹிஸ்ரோன்களே அகற்றப்பட்டு வேறு புரதம் வைக்கப்படுகிறது. இவ்வளவையும் தாண்டி ஒரு குறிப்பிட்ட நினைவு போய்ச் சேர்ந்தது என்று சொல்வதற்கு மிகப் பலமான சான்று வேண்டும். இப்போதைக்கு மனிதரில் அது எங்களிடம் இல்லை.

"சரி, பிழையெண்டாலும் எங்கட பக்கத்துக்கு நல்லதுதானே, விடுங்கோவன்" என்று சிலர் சொல்லக்கூடும். இல்லை, அது எங்களுக்குக் கூடாது. மூன்று காரணம்.

முதலாவது, காயத்துக்கு டி.என்.ஏ சாட்சி தேவையில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் இருந்து போராடத் தொடங்கிய தாய்மார் யாரிடமும் மெதைலேற்ற அறிக்கை கொண்டுபோய்க் கேட்கவில்லை. பிள்ளை எங்கே என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வி போதும். யுத்தம் அடுத்த தலைமுறைக்குப் போவது எல்லாருக்கும் தெரிகிற வழிகளால்: திருப்பித் தரப்படாத காணி, இல்லாமல் போன உழைப்பாளி, கடன், இடைநின்ற படிப்பு, வீட்டில் யாரும் வாய் திறந்து கதைக்காத ஒரு பெயர். இவையெல்லாம் இருக்கும்போது நுணுக்குக்காட்டி எதற்கு?

இரண்டாவது, பலவீனமான அறிவியலில் நீதிக் கோரிக்கையைக் கட்டினால், அந்த அறிவியல் விழுகிற அன்று கோரிக்கையும் சேர்ந்து விழுந்தது என்று சொல்ல ஆள் காத்திருக்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பயம். "எங்கட ஜீனே பழுதாப் போச்சு" என்று நாங்களே சொல்லத் தொடங்கினால், அதை நன்றியோடு வாங்கிக்கொள்ள வருகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். "உவையளின்ர பரம்பரைக் குணம் அப்பிடி" என்று சாதி பார்த்துக் கலியாணம் பேசுகிற அதே வாய்தான். இரத்தத்தில் எழுதப்பட்டது என்ற கதை எங்கள் ஊரில் எப்போதும் யாரை ஒதுக்கப் பயன்பட்டது என்பது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பழைய கதைக்கு நவீன உயிரியலின் சட்டையைப் போட்டுவிடுகிற வேலையை, முற்போக்குப் பேசுகிற நாங்களே செய்வதா?

கேட்கப் பழகுவம்

இவ்வளவும் சொன்னது குரோமற்றினைக் கைவிடச் சொல்லியல்ல. உண்மையில் வியத்தமடைதல் எனக்குச் சொல்லித்தருகிற அரசியல் இருந்தால் அது இதுதான்: ஒரே எழுத்து, எத்தனை வாழ்க்கை. கேர்டனின் குடற்கலக் கரு மறுபடி ஒரு வாற்பேத்தையானது. 2006இல் ஷின்யா யமனகா நான்கே காரணிகளால் எலியின் நாரரும்பர் கலத்தை எதுவாகவும் மாறக்கூடிய நிலைக்குத் திருப்பிக் கொண்டுபோனார். இருவருக்கும் 2012இல் நோபல் பரிசு கிடைத்தது. கலத்துக்கே விதி இறுதியானது இல்லை என்று நிரூபித்தவர்களின் அறிவியலை எடுத்து, மனிதருக்கு விதி எழுதப் பயன்படுத்துவது அநியாயம்.

ஆகவே இனி யாராவது ஒரு "ஜீன் திறந்தது" என்ற செய்தியைப் பகிர்ந்தால், லைக் போட முதல் நான்கு கேள்வி கேளுங்கோ. எந்தக் கலத்தில்? எந்த நேரத்தில்? ஆர்.என்.ஏயும் அளந்தார்களா? அந்த இடத்தை வெட்டிப் பார்த்தார்களா? நான்குக்கும் பதில் இல்லாவிட்டால் அந்தச் செய்தி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே ஆள் இருந்தாரா என்று இனித்தான் போய்ப் பார்க்க வேண்டும்.